சுவீடனிலிருந்து வந்த விதி

போன மாதம், நம் துறையில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் இனிப்பு டப்பாவோடு என் வீட்டுக்கு வந்தாள். வெளிநாட்டில் முதியோரை எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கற்றுவர அரசு அனுப்பும் குழுவில் அவளையும் சேர்த்திருக்கிறார்களாம். "போறதுக்கு முன்னாடி ஏதாவது படிச்சிட்டுப் போகணுமா மேடம்?" என்று கேட்டாள். நல்ல ஸ்வெட்டராக ஒன்று வாங்கிக்கொள் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். கதவைச் சாத்தியதும் எனக்கே எரிச்சலாக இருந்தது. ஓய்வு பெற்ற பிறகு நாக்குக்கு ஒரு சோம்பல் வந்துவிடுகிறது. ஆகவே அவளுக்கும், அவளுக்குப் பின்னால் விமானம் ஏறப்போகிற உங்கள் எல்லோருக்கும் சேர்த்து இப்போது எழுதுகிறேன். அவள் கொண்டுவந்த டப்பா அளவுக்கு இது இனிப்பாக இருக்காது.

தொண்ணூற்றொன்றில் நான் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் தொழிலாளர் நல அலுவலர். அந்த வருடத்தையும் அந்த ஊரையும் சேர்த்துச் சொன்னால் நாடு முழுக்க ஒரே ஒரு மே மாதத்து இரவைத்தான் நினைக்கும். நான் சொல்லப்போவது அதற்குப் பின் வந்த மாதங்களை. போலீஸ் வண்டிகளும் பத்திரிகைக்காரர்களும் போன பிறகு அங்கே இருந்தவர்கள் வழக்கம்போல ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். இன்று நீங்கள் பார்க்கிற ஒரகடம் அன்று கிடையாது. வேர்க்கடலைக் கொல்லை, ஏரி, சவுக்குத் தோப்பு, நடுநடுவே தகரக் கூரை போட்ட சின்னச் சின்னக் கம்பெனிகள். அவற்றில் ஒன்றில் டிரான்ஸ்பார்மருக்குச் செம்புக் கம்பி சுற்றுவார்கள். பெண்களுக்கு விரல் மெல்லியது என்று சொல்லிப் பெண்களாகவே வேலைக்கு எடுத்தார்கள். சம்பளமும் மெல்லியது என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

எங்கள் இயக்குநர் அதற்கு முந்தைய வருடக் கடைசியில் ஒரு குழுவோடு சுவீடன் போய் வந்தவர். செலவு முழுக்க அந்த நாட்டுக்காரர்களுடையது. இல்லாவிட்டால், தங்கத்தை அடகு வைக்கும் நிலையில் இருந்த சர்க்கார் அவரைச் செங்கல்பட்டுக்குக்கூட அனுப்பியிருக்காது. வந்ததும் எங்களையெல்லாம் கூப்பிட்டு, விளக்கை அணைத்துவிட்டு, சுவரில் படம் போட்டுக் காட்டினார். குழந்தைகள் காப்பகங்களின் படங்கள். சின்னச் சின்ன நாற்காலிகள், முழங்கால் உயரத்தில் கைகழுவும் தொட்டி, குழந்தையை மார்பில் கட்டிக்கொண்டு நிற்கும் அப்பாக்கள். "இதெல்லாம் நம்ம நாட்டுல எப்ப வரும்?" என்று கேட்டபோது அவருடைய குரல் உண்மையாகவே கம்மியது. அவர் கெட்டவர் இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கெட்டவர்களைப் பற்றி எழுத வேண்டுமானால் எனக்கு நீளமான பட்டியல் இருக்கிறது, அதை இன்னொரு கோபத்துக்கு வைத்திருக்கிறேன்.

அந்தக் கம்பெனிப் பக்கத்திலேயே ஒரு மாதிரிக் காப்பகம் கட்டுவது என்று முடிவாயிற்று. கட்டிடம் துறையுடையது, ஆயாக்களின் சம்பளத்தில் பாதி கம்பெனியுடையது. படத்தில் இருந்ததெல்லாம் அப்படியே வந்தது. வாசல் சுவரில் குழந்தை உயரத்துக்கு வரிசையாகக் கொக்கிகள் அடித்தார்கள். காண்டிராக்டர் என்னிடம் கேட்டார்: "இன்னாத்துக்கு மேடம் இது?"

"கோட்டு மாட்ட."

"இன்னா கோட்டு?"

"அந்த ஊர்ல பனி கொட்டும். பசங்க கம்பளிக் கோட்டு போட்டுக்கினு வருவாங்க. வந்ததும் கயட்டி மாட்டணும்."

அவர் வெளியே பார்த்தார். வெயிலில் சவுக்கு மரம்கூட வாடி நின்றது. "சரி, பில்லு பாஸாவுமில்ல?" என்றார். பில் பாஸாயிற்று. புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்டது என்று சிரித்துவிட்டுப் போய்விடலாம். கொக்கியால் யாருக்கும் கெடுதல் இல்லை.

காப்பகம் திறக்கும் நேரத்தில்தான் முதல் கெடுதல் தொடங்கியது. உத்தரவில் காலை பத்து மணி என்று போட்டிருந்தார் இயக்குநர். கம்பெனியில் முதல் ஷிப்டு விடிகாலை ஆறுக்கு. திறந்த அன்று பெண்கள் இடுப்பில் பிள்ளையோடு பூட்டிய கதவின் முன்னால் நின்றார்கள். பத்து மணி எங்கிருந்து வந்தது என்று பிறகுதான் தெரிந்தது. குழுவினர் ஓட்டலில் நிதானமாகக் காலை உணவு முடித்துவிட்டு பஸ்ஸில் போய் இறங்கிய நேரம் அது. அவர்கள் போனபோது அங்கே கதவு திறந்திருந்தது, ஆகவே அது திறக்கும் நேரம் ஆகிவிட்டது. விடியும் முன்னே தாய்மார்கள் வந்து பிள்ளையை விட்டுப் போனதை அவர்களில் யாரும் பார்க்கவில்லை. விருந்தாளியால் பார்க்க முடிந்தது விருந்தாளி நேரத்தில் நடந்ததை மட்டும்தான். நான் தலைமை அலுவலகம் போய்க் கத்தினேன். அந்த நேரத்தை மாற்ற முடிந்தது. அடுத்ததை மாற்ற முடியவில்லை.

அடுத்தது ஒரு விதி. சுவீடனில் குழந்தையைக் காப்பகத்தில் சேர்த்தால், முதல் இரண்டு வாரம் தாயோ தகப்பனோ கூடவே உட்கார்ந்திருக்க வேண்டும். புது இடமும் புது முகமும் பழகிவிட்டால் பிறகு குழந்தை அழாது. கேட்டால் எவ்வளவு நல்ல விதி! நல்லதுதான், இன்றைக்கும் சொல்வேன். இயக்குநர் அதை வரி மாறாமல் எழுதிக்கொண்டு வந்து, இனிமேல் சேரும் பிள்ளைகளுக்கென்று எங்கள் காப்பகத்துக்கும் போட்டார். கூட்டத்தில் நான் கேட்டேன்:

"அங்க அந்த ரெண்டு வாரத்துக்குச் சம்பளம் யார் சார் குடுக்கறாங்க?"

அவர் குறிப்பேட்டைப் புரட்டினார். "அதை நாங்க கேக்கலையேம்மா. ஏதாவது ஏற்பாடு இருக்கும்."

"நம்ம ஊர்ல?"

எதிரே கம்பெனியின் பர்சனல் மேனேஜர் உட்கார்ந்திருந்தார். எப்போதும் மடிப்புக் கலையாத சட்டை, எப்போதும் தலையாட்டல். "கன்சிடர் பண்றோம் மேடம்" என்றார். கம்பெனிக்காரர் வாயில் அந்தச் சொல் வந்தால் விஷயம் குழிக்குள் போய்விட்டது என்று அர்த்தம். அதை உத்தரவிலேயே எழுதிவிடுவோம் என்றேன். "மொதல்ல ஆரம்பிப்போம்மா. எடுத்த எடுப்பிலேயே தகராறு வேண்டாம்" என்றார் இயக்குநர். எல்லோரும் டீ குடித்தோம்.

இனி ஞானமணியைப் பற்றிச் சொல்கிறேன். வடக்குப்பட்டுப் பக்கத்துப் பெண். கம்பி சுற்றும் பிரிவில் டெம்பரரி. இன்னும் சில மாதம் விட்டுப்போகாமல் வேலை செய்தால் கன்ஃபர்ம் ஆகிவிடும், அதன்பின் யாரும் சுலபமாக வெளியே அனுப்ப முடியாது. கணவன் தேவராஜ் கல் குவாரியில் லோடு ஏற்றுகிறவன். கைக்குழந்தையை அதுவரை பார்த்துக்கொண்டிருந்த அவளுடைய அக்கா, புருஷனுக்குச் சென்னையில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். அந்த நேரத்தில் இயக்குநரும் பர்சனல் மேனேஜரும் கம்பெனி கேட்டில் நின்று, குழந்தைகளைச் சேருங்கள், பால் உண்டு, பொம்மை உண்டு, காசு வேண்டாம் என்று பேசினார்கள். ஞானமணி கையைத் தூக்கினாள். நானும் அங்கே இருந்தேன். அவளுக்கு வந்த சந்தோஷம் இப்போதும் கண்ணில் நிற்கிறது.

சில நாள் கழித்துக் காப்பகத்துக்குப் போனேன். குழந்தைகளுக்கான குட்டி நாற்காலியில் முழங்கால் முகவாயில் இடிக்க ஞானமணி உட்கார்ந்திருந்தாள். மடியில் குழந்தை கிலுகிலுப்பையைக் கடித்துக்கொண்டிருந்தது.

"ஷிப்டு?" என்றேன்.

"ரெண்டு வாரம் ஒக்காந்தாத்தான் சேப்பாங்களாம் மேடம். சூப்ரவைசராண்ட சொல்லிக்கினுதான் வந்தேன். சரி போன்னாரு."

"எழுதிக் குடுத்தியா?"

"ரூலு அவங்க போட்டதுதான? அவங்களுக்குத் தெரியாதா இன்னா?"

அன்று மாலையே பர்சனல் மேனேஜருக்குப் போன் செய்தேன். "நோட் பண்ணிக்கறேன் மேடம்" என்றார். இரண்டு வாரம் முடிந்தது. குழந்தை ஆயாவிடம் பழகிவிட்டது, சுவீடனில் சொன்னபடியே அழாமல் இருந்தது. ஞானமணி முதல் ஷிப்டுக்குக் கேட்டுக்குப் போனாள். அனுமதியின்றித் தொடர்ந்து வேலைக்கு வராததால் பெயர் எடுக்கப்பட்டுவிட்டது என்று வாட்ச்மேன் சொல்லித் திருப்பி அனுப்பினான்.

நான் பர்சனல் மேனேஜரின் அறைக்குப் போனேன். என் குரல் வெளியே கம்பி சுற்றும் லைன் வரைக்கும் கேட்டதாகப் பிறகு சொன்னார்கள். அவர் குரலை உயர்த்தவே இல்லை. "மேடம், ஒக்காரச் சொன்ன ரூல் உங்க டிபார்ட்மெண்ட்டோடது. வேலைக்கு வரணும்ங்கற ரூல் கம்பெனியோடது. ரெண்டையும் நான் மீறல."

"போன்ல நோட் பண்ணிக்கறேன்னீங்களே?"

"பண்ணினேன். ஆப்சென்ட்டுன்னு நோட் பண்ணினேன்."

அவர் தொடர்ந்தார்: "இன்னொரு விஷயம். காப்பகம் கம்பெனி ஒர்க்கர்ஸ் கொழந்தைங்களுக்குத்தான். அந்தம்மா இப்ப ஒர்க்கர் இல்ல. கொழந்தைய எடுத்துக்கச் சொல்லிடுங்க."

இதைப் படித்துக்கொண்டிருக்கிறவர்களே, கொஞ்சம் நிறுத்தி யோசியுங்கள். காப்பகத்தில் உட்கார்ந்ததால் வேலை போயிற்று. வேலை போனதால் காப்பகம் போயிற்று. கட்டிடம் இருந்தது, பால் இருந்தது, ஆயா இருந்தாள், குழந்தையும் பழகியிருந்தது. அந்த நாட்டில் இந்த ஏற்பாட்டைத் தூக்கி நிறுத்தியிருந்த ஒரே ஒரு தூணை மட்டும் நாம் கொண்டுவரவில்லை. அது தாயின் சம்பளமும் வேலையும் அந்த நாட்களில் பத்திரமாக இருக்கும் என்கிற சட்டம். அதைப் படம் பிடிக்க முடியாது, ஆகவே அது எங்கள் சுவரில் விழவில்லை.

இயக்குநரிடம் போனேன். அவர் முகம் வாடியது. "பாவம்மா. எப்படியாவது பேசிப் பாக்கறேன்" என்றார். பேசவில்லை. ஏனென்றால் அப்போது வேறொரு செய்தி வந்திருந்தது: சுவீடனில் அவருக்குக் காப்பகத்தைச் சுற்றிக் காட்டிய பெண்மணி சென்னை வருகிறார், எங்கள் மாதிரிக் காப்பகத்தைப் பார்க்க ஆசைப்படுகிறார். சுவருக்குப் புதுச் சாயம் அடிக்கத் தொடங்கினார்கள். கூடவே ஒரு தலைவலியும் வந்தது. தாய் குழந்தையோடு உட்கார்ந்திருப்பதை அந்த அம்மாள் கட்டாயம் பார்க்க விரும்புவார். உட்கார யார் இருக்கிறார்கள்? ஞானமணிக்கு நேர்ந்ததைக் கேட்ட பிறகு ஒருத்தியும் புதிதாகப் பிள்ளையைச் சேர்க்கவில்லை. கடைசியில் பர்சனல் மேனேஜரே யோசனை சொன்னார்: அந்த ஞானமணியையே கூப்பிடுவோம், ஒருநாள் வந்து உட்காரட்டும், திரும்ப வேலைக்கு எடுத்துக்கொள்கிறோம். சொல்லப் போனது நான்தான். "நெசமா எடுத்துப்பாங்களா மேடம்?" என்று மட்டும் கேட்டாள். அந்த ஆளின் வாக்கு அது, என் வாக்கில்லை என்றேன்.

அந்த அம்மாள் வந்தார். உயரமானவர், நரைத்த தலை, காலில் சாதாரணச் செருப்பு. சுங்குவார்சத்திரம் தாண்டி வரும் வழியில், பள்ளிக்கூடத்து மரத்தடியில் பிள்ளைகள் தட்டோடு வரிசையாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு வண்டியை நிறுத்தச் சொன்னார். சத்துணவு. இயக்குநருக்கு இருப்புக் கொள்ளவில்லை. சமையலறை ஓட்டில் கரி, வாசலில் நாய். "நேரமாகிறது" என்று ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தார். அந்த அம்மாள் கேட்கவில்லை. புகைக்குள் குனிந்து போய் நின்றுகொண்டு சமையல்கார அம்மாவிடம் என் மூலமாகக் கேள்விமேல் கேள்வி கேட்டார். உனக்குச் சம்பளம் யார் தருகிறார்கள்? நீ காய்ச்சலில் படுத்தால் அன்று யார் சமைப்பார்கள்? அரிசி வராத நாளில் என்ன செய்வாய்? வெவ்வேறு சாதிப் பிள்ளைகள் ஒரே வரிசையில் சாப்பிட ஒத்துக்கொண்டார்களா, முதலில் தகராறு வந்ததா?

"வந்துது. ரெண்டு வூட்டுக்காரங்க பசங்கள அனுப்பல. அப்பால பசி அனுப்பிச்சிடிச்சி" என்றாள் சமையல்கார அம்மா.

அதை மொழிபெயர்த்தபோது அந்த அம்மாள் சிரிக்கவில்லை, நோட்டில் எழுதிக்கொண்டார். எங்களிடமிருந்து கற்றுக்கொள்ளவும் ஏதோ இருக்கிறது என்று நினைக்கிற ஒரு வெளிநாட்டுக்காரரை நான் அன்றுதான் முதலில் பார்த்தேன். இயக்குநரோ வெட்கத்தில் கர்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். தம்பிகளே, தங்கைகளே, வெளிநாடு போனால் அந்த அம்மாள் கேட்ட மாதிரி கேளுங்கள். சுவரைப் பார்க்காதீர்கள். யார் காசு, யார் வேலை, ஆள் வராவிட்டால் என்ன என்று கேளுங்கள். நான் அந்தப் பெண்ணுக்கு ஸ்வெட்டருக்குப் பதில் சொல்லியிருக்க வேண்டியது இவ்வளவுதான்.

ஆனால் சரியான கேள்வி கேட்டாலும் சரியான பதில் கிடைத்துவிடாது. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

காப்பகத்தில் ஞானமணி குழந்தையோடு தயாராக இருந்தாள். துவைத்த சேலை, தலையில் கனகாம்பரம். அந்த அம்மாள் தரையில் சம்மணமிட்டு அவள் எதிரே உட்கார்ந்தார். குழந்தையின் விரலைப் பிடித்துக்கொண்டு, வேறு எதையும் கேட்பதற்கு முன் அதையே கேட்டார்: "இந்த நாட்களுக்கு உனக்குச் சம்பளம் யார் தருகிறார்கள்?"

அறையில் ஆங்கிலம் தெரிந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இயக்குநர் என் காதருகே, "கம்பெனி குடுக்குதுன்னு சொல்லும்மா" என்றார். பர்சனல் மேனேஜர் ஞானமணியைப் பார்த்தபடி நின்றார், அவ்வளவுதான்.

உண்மையைச் சொல்ல எனக்கு நாக்கு துடித்தது. சொன்னால் அந்த அம்மாள் அங்கேயே கேட்டிருப்பார், விதி உடைந்திருக்கும், அல்லது சம்பளம் வந்திருக்கும். ஆனால் ஞானமணிக்கு மறுநாள் கேட் திறந்திருக்காது. என் வேலைக்கு ஒன்றும் ஆகாது, ஒரு மாறுதல் உத்தரவு வரும். அடுத்தவள் சோற்றில் நின்றுகொண்டு நான் எப்படி வீரம் காட்டுவது? ஆகவே கேள்வியை அப்படியே அவளிடம் கொடுத்தேன். "ஞானமணி, நீ இங்க ஒக்காந்த நாளுக்குச் சம்பளம் யாரு தராங்கன்னு கேக்கறாங்க. நான் இன்னா சொல்லணும்?"

அவள் பர்சனல் மேனேஜரை ஒருமுறை பார்த்தாள். குழந்தையை ஒருமுறை பார்த்தாள்.

"கம்பெனி தருதுன்னு சொல்லுங்க மேடம். முழுசா தராங்கன்னு சொல்லுங்க."

சொன்னேன். அந்த அம்மாளின் கண் கலங்கிவிட்டது. ஞானமணியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு பேசினார். எங்கள் நாட்டில் இதற்காகப் பெண்கள் வருடக்கணக்காகச் சண்டை போட்டோம், நீங்கள் தொடக்கத்திலேயே வாங்கிவிட்டீர்கள், உங்களை நினைத்தால் பெருமையாக இருக்கிறது என்றார். அதையும் நான்தான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. என் முப்பது வருட உத்தியோகத்தில் அவ்வளவு கசப்பான வாக்கியத்தை நான் வாயில் வைத்ததில்லை. ஞானமணி தலையாட்டினாள், சிரிக்கச் சொல்லியிருந்தார்கள், சிரித்தாள்.

அந்தப் பாராட்டு தலைமை அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பாராட்டு வந்த திட்டத்தில் கை வைக்க யாருக்குத் துணிச்சல் வரும்? இரண்டு வார விதி ஒரு எழுத்தும் மாறாமல் மற்ற மாவட்டங்களுக்கும் போயிற்று. சம்பளத்தைப் பற்றி நான் திரும்பத் திரும்ப எழுதினேன். "ஏற்கெனவே வழங்கப்படுவதாகத் தெரிகிறது" என்று பதில் வந்தது. யார் சொன்னது என்று கேட்டால், நான் மொழிபெயர்த்த வாக்கியத்தையே எனக்குக் காட்டியிருப்பார்கள்.

கம்பெனி வாக்கைக் காப்பாற்றியது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஞானமணியைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள், புது டெம்பரரியாக. அதுவரை செய்த மாதங்கள் எல்லாம் போயின, கன்ஃபர்ம் கணக்கு முதலிலிருந்து தொடங்கியது. அதற்கும் அவள் நன்றி சொன்னாள். வேலையில் சேர வேண்டிய அன்று விடிகாலையில் நான் காப்பகத்தில் இருந்தேன். தேவராஜ் சைக்கிளில் அவளையும் குழந்தையையும் கொண்டுவந்து இறக்கினான். ஞானமணி குழந்தையை ஆயாவிடம் நீட்டினாள். ஆயா வாங்கவில்லை. ஆயாவின் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

"புது அட்மிஷனாமே கண்ணு. ஆபீஸ்ல சொல்லி அனுப்பிச்சாங்க. அம்மா ரெண்டு வாரம் கூட ஒக்காரணுமாம்."

"நான் சொல்றேன், வாங்கிக்கோ" என்று ஆயாவிடம் கத்தினேன். அவள் குழந்தையையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தாள். அவளும் டெம்பரரிதான்.

கம்பெனியில் சங்கு ஊதியது. ஞானமணி குழந்தையைத் தேவராஜிடம் கொடுத்தாள். "குவாரிக்கே இட்டுக்கினு போ. ஷெட்டுல படுக்க வையி, வெய்யில்ல வுட்டுடாத" என்றாள். சைக்கிள் திரும்பியது. அவள் கேட்டை நோக்கி நடந்தாள், பிறகு என்ன நினைத்தாளோ, நின்று திரும்பினாள். குரலில் கோபமே இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்:

"இன்னொரு தபா ஒக்காந்தா இன்னொரு தபா வேல பூடும். அப்ப இன்னொரு வெள்ளக்காரம்மா வருவாங்களா மேடம்?"